பிள்ளையைப் பிடித்தது எது?

வீட்டுப் பிள்ளை சொற்கேளாதவனாய்த் திரியத் தொடங்கினால், அதற்குக் காரணம் கூறுவதில் நம்மவர் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. கிரகம் சரியில்லை என்பார் ஒருவர். கூட்டாளிகள் சரியில்லை என்பார் மற்றொருவர். சினிமாப் பார்த்துக் கெட்டான் என்று தீர்ப்புக் கூறிவிடுவார் மூன்றாமவர். பிள்ளையை அருகழைத்து, "தம்பி, உனக்கு என்ன குறை?" என்று கேட்டறிந்து வந்து சொல்பவரைக் காண்பதுதான் அரிது. இக்குற்றம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அன்றியும், குற்றவாளியென்று ஏசப்படும் சினிமாவே சில வேளைகளில் இவ்வழக்கில் நேர்மையான சாட்சியாகவும் வந்து நிற்கின்றது. அத்தகைய சாட்சியாகிய ஒரு சீனப் படத்தைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்படம் 1992ஆம் ஆண்டில் தைவானின் தலைநகராகிய தைப்பேயில் எடுக்கப்பட்டது. அதன் சீனப் பெயர் 'வாலிப நாச்சா' என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அதற்கு 'நியான் தெய்வத்தின் கலகக்காரர்' என்னும் கருத்தமையப் பெயரிட்டனர். எழுதி இயக்கியவர் சாய் மிங் லியாங். இவர் நமக்கு அயலாரல்லர். 1957இல் சரவாக்கிலுள்ள கூச்சிங் பட்டணத்தில் பிறந்தவர். பாட்டனார் பாட்டியாருடன் சினிமாக் கொட்டகைகளுக்குச் சென்று பழகியவர். இருபது வயதில் தைவானுக்குச் சென்று நாடகக் கலை பயின்று அங்கேயே தொழில் தொடங்கியவர். கொட்டகைக்கென்று அவர் எடுத்த முதற் படம் இதுவே. இரண்டாவது படமாகிய 'காதல் வாழ்க' 1994இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவின் தலையாய பரிசான பொற்சிங்கத்தைப் பகிர்ந்து பெற்றது. எனினும் முதற்படத்தையே நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், வீடு என்னும் பொருளை அது நேருக்கு நேர் தொடுவதேயாகும்.

கதை சிறிது. சியாவ் காங் என்னும் வாலிபன் கலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்காகத் தனிப்பயிற்சிப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டிருக்கின்றான். தகப்பனார் டாக்ஸி ஓட்டுகின்றவர். தாயார் வீட்டைப் பார்ப்பவர். அதே பட்டணத்தில் ஆ சே என்பவனும் ஆ பிங் என்பவனும் டெலிபோன் பெட்டிகளைத் துளையிட்டுக் காசு திருடியும், இயந்திர விளையாட்டுக் கூடங்களிற் பொழுதைப் போக்கியும் திரிகின்றனர். ஒரு நாள் சியாவ் காங்கைத் தகப்பனார் தமது டாக்ஸியில் ஏற்றிச் செல்லும் வழியில், மோட்டார் சைக்கிளில் வந்த ஆ சே சிறு சச்சரவில் கோபங்கொண்டு டாக்ஸியின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடிவிடுகின்றான். அது முதல் சியாவ் காங் பள்ளியை விட்டு நீங்கி, ஆ சேயைப் பின்தொடர்வதே தொழிலாகக் கொள்கின்றான். பழிவாங்குவதற்காகத் தொடர்கின்றானா, அன்றி அவனைப் போல் தானும் இருக்க முடியாதா என்னும் ஏக்கத்தால் தொடர்கின்றானா என்பதைப் படம் எடுத்துரைப்பதில்லை. அவனுக்கே தெரியாது என்பதே நம் எண்ணம்.

கண்ணாடி உடைந்த சந்தர்ப்பத்தை நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அதற்குச் சிறிது முன்னரே தகப்பனார், படிப்பைச் சற்று மறந்து இருவரும் ஒன்றாகப் படம் பார்க்கச் செல்லலாமா என்று மகனைக் கேட்டிருக்கின்றார். அவ்வீட்டில் அன்பு வாய்திறந்து பேசிய நேரம் அது ஒன்றே. அந்நேரத்திலேயே கண்ணாடி உடைகின்றது. உடைந்தது காசு கொடுத்தால் மாற்றிக் கொள்ளக்கூடிய பொருள்தான். ஆனால் அதனோடு தந்தையும் மகனும் சேர்ந்து செல்லவிருந்த ஒரு பிற்பகலும் போய்விட்டது. மகனுடைய பகையின் வேர் அங்கேதான் இருக்கின்றது. இதை எந்தப் பாத்திரமும் சொல்வதில்லை. கண்டவர் தாமே உணர்ந்து கொள்ள வேண்டியதாக இயக்குநர் விட்டுவிடுகின்றார்.

இனிப் படத்தின் பெயர்ப் பொருளுக்கு வருவோம். நாச்சா என்பவன் சீனர் புராணக் கதைகளில் வரும் குழந்தைத் தெய்வம். நம் நாட்டுச் சீனர் கோயில்களிலும் அவனுக்கு வழிபாடு உண்டு. கடலரசனுடைய மகனைக் கொன்ற பழி பெற்றோரைச் சாராதிருக்கும் பொருட்டு, அவன் தன் தசையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பிக் கொடுத்து மாண்டானென்றும், குருவானவர் தாமரையைக் கொண்டு அவனுக்குப் புத்துடல் அமைத்து எழுப்பினாரென்றும், எழுந்தவன் தகப்பனையே கொல்லத் துரத்தினானென்றும், அவனை அடக்குவதற்குத் தகப்பனுக்கு ஒரு சிறு கோபுரம் அருளப்பட்டதென்றும் அக்கதை கூறும். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையேயுள்ள பகையைப் பண்டைச் சீனர் இவ்வளவு அச்சமின்றிக் கதையாக்கி வைத்திருப்பது வியப்புக்குரியதே.

படத்தில் வரும் தாயார், மகன் இவ்வாறு ஆனதன் காரணத்தை அறியக் கோயிலுக்குச் செல்கின்றாள். உன் மகன் நாச்சாவின் அவதாரம். ஆகையால்தான் அவனுக்கும் தகப்பனுக்கும் ஒத்துப்போவதில்லை என்று அங்கே சொல்லப்படுகின்றது. அதை அவள் வீட்டில் கணவனிடம் கூறுவதை மகன் கேட்டுவிடுகின்றான். உடனே அருள் வந்தவனைப் போலத் துள்ளிக் குதித்து ஆடத் தொடங்குகின்றான். தகப்பனார் சினங்கொண்டு கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை அவன் மேல் வீசுகின்றார். காண்பவர் ஒருகணம் சிரிக்கலாம். மறுகணம் சிரித்ததற்காக வெட்கப்படுவர். எந்த வார்த்தையும் செல்லாத வீட்டில் பேயாட்டம் ஒன்றுதான் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் பேச்சாக இருக்கின்றது. அப்பிள்ளை பேசத் துணிந்தது அவ்வாறே.

பகுத்தறிவு பேசுகின்ற நாம் இவ்விடத்தில் அத்தாயைக் கண்டு நகைத்துவிட்டு, மூடநம்பிக்கை ஒழிக என்று எழுந்து போய்விடலாம். படம் நம்மை அவ்வளவு எளிதில் விடுவதாயில்லை. தகப்பனாரைப் பாருங்கள். அவர் கோயிற் பேச்சை நம்புகின்றவரல்லர்; கேட்டவுடன் கோபித்து எறிகின்றார். அந்த மட்டில் அவர் நம் கட்சி என்றே வைத்துக் கொள்வோம். ஆயின், கோயிலை மறுத்த பின் அவர் செய்தது என்ன? மகனை அழைத்துக் கேட்டாரா? இல்லை. கிண்ணத்தை வீசினார். நம்பிக்கையுள்ள தாயும் கேட்கவில்லை. நம்பிக்கையில்லாத தந்தையும் கேட்கவில்லை. பொய்யான விடையைத் தள்ளிவிட்டால் மாத்திரம் மெய்யான விடை தானே வந்து கைகூடுவதில்லை. சீர்திருத்தம் பேசும் பலர் வீடுகளில் பிள்ளைகள் ஊமைகளாய் இருப்பதற்குக் காரணம் இதுவேயென்று அஞ்சுகின்றோம்.

மேலும், கோயிலுக்குப் போகாத தகப்பனாரும் கைகூப்பித் தொழும் தெய்வமொன்று அப்பட்டணத்தில் இருந்தது. அது பரீட்சை. தைவானில் அக்காலத்தில் ஆண்டுதோறும் நடந்த பொதுப் பிரவேசப் பரீட்சை ஒன்றினாலேயே மாணவரின் கலாசாலைக் கல்வி நிர்ணயிக்கப்பட்டது. 2002இல்தான் அம்முறை மாற்றப்பட்டது. தவறியவர் மறுமுறை எழுதுவதற்கென்றே தைப்பே ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் தனிப்பயிற்சிப் பள்ளிகள் நெருங்கி நின்றன. டாக்ஸி ஓட்டியின் உழைப்பெல்லாம் அப்பள்ளிக் கட்டணமாகப் போய்ச் சேர்கின்றது. மகனோ அப்பள்ளியினின்றும் விலகி, கட்டணத்தைத் திரும்பப் பெற்றுத் தன் சட்டைப்பையில் வைத்துக் கொள்கின்றான். புராணத்து நாச்சா பெற்றோர் தந்த உடலைப் பெற்றோருக்கே திருப்பிக் கொடுத்தான். பட்டணத்து நாச்சா பெற்றோர் தந்த பணத்தைத் தானே திருப்பி வாங்கிக் கொண்டான். உடலைக் கொடுப்பதற்கும் ஓர் உறவு வேண்டும். இங்கே கைமாறுவது பணம் ஒன்றே.

இவ்வாலிபர்கள் வறுமையால் வாடுகின்றவரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. தைவானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நிலவியது. அதே காலத்தில் தொழில் பெருகிச் செல்வமும் வளர்ந்தது. சட்டம் நீங்கி ஐந்து ஆண்டுகள் சென்றபின் எடுக்கப்பட்ட இப்படத்தில் விளக்குகளுக்கும் விளையாட்டுக் கூடங்களுக்கும் வாகனங்களுக்கும் குறைவில்லை. பெற்றோர் தலைமுறைக்கு உழைத்து முன்னேற வேண்டும் என்ற ஒரே மந்திரம் போதுமானதாயிருந்தது. பிள்ளைகளுக்கு அம்மந்திரத்தின் பலன் மட்டும் கிடைத்தது; அதன் பொருள் கிடைக்கவில்லை. எதற்காக உழைப்பது, யாருக்காக முன்னேறுவது என்று அவர்கள் கேட்டால் விடை சொல்ல வீட்டிலும் ஆளில்லை, வீதியிலும் ஆளில்லை.

இனி, இயக்குநர் இவற்றைக் காட்டும் முறையைச் சிறிது சொல்வோம். பேச்சு மிகக் குறைவு. ஒரு காட்சியைத் தொடங்கினால் அது தானே முடியும் வரை அசையாது நோக்கிக் கொண்டிருப்பது அவர் வழக்கம். தொடக்கத்தில் மழை கொட்டுகின்றது. இரு வாலிபர் டெலிபோன் பெட்டியை உடைக்கின்றனர். மற்றோரிடத்தில் சியாவ் காங் புத்தகத்தின் முன் அமர்ந்து, வட்டம் வரையும் கருவியின் முனையால் ஒரு கரப்பான் பூச்சியைக் குத்தி வெளியே எறிகின்றான். அது சன்னற் கண்ணாடியின் மறுபுறம் வந்து ஒட்டிக் கொள்கின்றது. அதைத் துரத்தக் கண்ணாடியைத் தட்டுகின்றான். கண்ணாடி உடைந்து கை இரத்தமாகின்றது. ஒரு வார்த்தை பேசப்படவில்லை; ஆனால் அப்பிள்ளையின் நிலை முழுதும் விளங்கிவிடுகின்றது. ஆ சே குடியிருக்கும் வீட்டிலோ தரையின் துவாரத்தினின்றும் நீர் பொங்கி வீடெங்கும் நிரம்புகின்றது, செருப்புகள் மிதக்கின்றன. அக்கட்டிடத்து மின்தூக்கி யாரும் அழைக்காமலே நான்காம் மாடியில் நின்று நின்று திறக்கின்றது. நான்கு என்னும் எண் சீனருக்குச் சாவை நினைப்பூட்டுவது என்பதை நேயர் அறிவர். ஆயினும் இக்காட்சிகள் அச்சுறுத்துவதற்காக வைக்கப்பட்டவையல்ல. பழுதான வீட்டில் மனிதர் பழகிப்போய் வாழ்வதையே அவை காட்டுகின்றன.

சியாவ் காங்காக நடித்த லீ காங் ஷெங் என்பவர் நடிப்புப் பயின்றவரல்லர். ஒரு விளையாட்டுக் கூடத்தின் வாயிலில் இயக்குநரால் கண்டெடுக்கப்பட்டவர். அவருடைய அசைவுகள் மிக மெதுவாயிருக்கக் கண்டு இயக்குநர் முதலில் பொறுமையிழந்தாரென்றும், தம் இயல்பே அவ்வளவுதான் என்று அவர் கூறவே அம்மெதுவையே தம் கலைக்கு அளவாகக் கொண்டாரென்றும் சொல்லப்படுகின்றது. ஒரு வாலிபனைத் தம் வேகத்துக்கு இழுக்காமல் அவன் வேகத்துக்குத் தாம் இறங்கிவந்த பெரியவர் இவ்விஷயத்தில் இயக்குநர் ஒருவரே எனலாம். படத்திலுள்ள பெரியவர் எவரும் அதைச் செய்யவில்லை.

1955இல் அமெரிக்காவில் நிக்கலஸ் ரே எடுத்த 'காரணமற்ற கலகக்காரன்' என்னும் படத்தை ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும். இப்படத்தின் ஆங்கிலப் பெயரே அதன் எதிரொலிதான். அதில் நடித்த ஜேம்ஸ் டீனின் உருவப்படம் இங்கே ஒரு விளையாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகின்றது. அந்த அமெரிக்க வாலிபன் தகப்பனை எதிர்த்து நின்று, எனக்கு வழிகாட்டு என்று கதறுகின்றான், தகப்பன் தடுமாறுகின்றான், வீடு கலங்குகின்றது. கலங்கினாலும் அங்கே பேச்சிருக்கின்றது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தைப்பேயில் அக்கதறலும் இல்லை. கலகக்காரன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்க, கலகம் ஒரு மோட்டார் சைக்கிளைப் பாழாக்குவதோடு நின்றுவிடுகின்றது. சியாவ் காங் ஆ சேயின் வண்டி இருக்கையைக் கிழித்து, சாவித் துவாரத்தைப் பசையால் அடைத்து, இங்கு வந்தவன் நாச்சா என்று எழுதிவைத்துப் போகின்றான். எதிர்ப்புறத்து ஓட்டல் அறையிலிருந்து அவன் திகைப்பைக் கண்டு படுக்கையின் மேல் துள்ளிக் குதிக்கின்றான். பின்னர் அவனிடமே போய், உதவி வேண்டுமா என்று கேட்டுத் துரத்தப்படுகின்றான். பகைவனிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு வேறு வழி அவனுக்குத் தோன்றவில்லை போலும்!

நம்மவருள் பலர் இப்படத்தைப் பார்த்தால், பாட்டில்லை, சண்டையில்லை, புத்திமதியில்லை, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று வினவுவர். கலை மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே நம் கொள்கையுமாதலால் இவ்வினாவை நாம் புறக்கணிப்பதற்கில்லை. நம் விடை இது: புத்திமதி கேட்டுப் பிள்ளைகள் களைத்துவிட்டனர். கெட்டவன் கடைசியில் தண்டனையடையும் படங்கள் நமக்கு ஆயிரம் உண்டு. அவற்றைப் பார்த்து வீடு திரும்பும் தகப்பன், கெட்டவன் என் மகனல்லன் என்று நிம்மதியாகத் துயில்கின்றான். இப்படமோ புத்திமதியை வாலிபனுக்குக் கூறாமல், புத்திமதி கூறுபவரை உட்காரவைத்து நூறு நிமிஷங்களுக்கு மேல் மகனுடைய முகத்தைப் பார்க்கச் செய்கின்றது. அது பிரயோஜனமில்லையென்றால் வேறெது பிரயோஜனம்?

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது விமரிசனமாகாது. சறுக்காட்ட அரங்கில் வேலை செய்யும் ஆ குவெய் என்னும் பெண் இக்கதையில் ஆண்களிடையே கைமாறும் பொருளைப் போலவே வந்து போகின்றாள். அடிபட்டுக் கிடக்கும் ஆ பிங் சிறிது நேரம் அணைத்துக் கொள்ளப்பட வேண்டுமென்று ஏங்க, அவளே அவனை அணைத்து ஆறுதல் தருகின்றாள். அவளுக்கு ஆறுதல் தருபவர் யாருமில்லை. அவள் வீடு எது, அவளுக்குத் தாய் தந்தையர் உண்டா என்ற கேள்விகளைப் படம் கேட்பதில்லை. வாலிபர் தனிமையைப் பேசும் கலைப்படங்கள் பலவற்றிலும் காணும் குறை இது. தனிமை ஆணுக்குத் துயரமாகவும் பெண்ணுக்கு இயற்கையாகவும் காட்டப்படுகின்றது. இக்குறையைச் சாய் அவர்கள் பின்னர் உணர்ந்தார் என்றே கருதுகின்றோம். இரண்டாம் படத்தின் முடிவில் ஒரு பெண் பூங்காவின் இருக்கையில் தனியே அமர்ந்து நெடுநேரம் அழுவதைக் கண்ணெடுக்காது காட்டியிருக்கின்றார்.

இஃது எங்கோ தைவானில் நடந்த செய்தி, நமக்கென்ன என்பார்க்கு இரண்டு படங்களைச் சுட்டுவோம். சாய் மிங் லியாங் 2006இல் கோலாலம்பூருக்கு வந்து 'தனித்துறங்க மனமில்லை' என்ற கருத்துடைய பெயரால் ஒரு படம் எடுத்தார். தெருவில் அடியுண்டு கிடந்த ஒருவனை, பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் ஒரு பழைய மெத்தையில் தூக்கிச் சென்று பேணுவதே அதன் தொடக்கம். கட்டி முடிக்காது கைவிடப்பட்ட உயர்ந்த கட்டிடமும், அதனுள் தேங்கிய கருநீரும், ஊரை மூடிய புகையும் அதில் உண்டு. 2007இல் தணிக்கையாளர் முதலில் தடுத்து, பின்னர்ச் சில பகுதிகளை நீக்கி அனுமதித்தனர். நம் தலைநகரின் அழகிய பக்கத்தை அப்படம் காட்டவில்லை என்பது உண்மை. ஆனால் தன் படுக்கையில் பாதியை அயலானுக்குக் கொடுத்தவன் கதையை அது சொல்லிற்று.

மற்றொன்று நம் சொந்தப் படம். சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் வெளியிட்ட 'ஜகாட்', தோட்ட வாழ்வு குலைந்து ஊரோரத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை. காலம் 1990களின் தொடக்கம். அப்போய் என்னும் சிறுவனைப் படிக்கவைத்து மேலேற்ற வேண்டுமென்று தகப்பன் அடித்து அடித்துப் போராடுகின்றான். சிறுவனோ குண்டர் கூட்டத்தின் பக்கம் சாய்கின்றான். 'ஜகாட்' என்பது கெட்டவன் என்னும் பொருளில் மலாய்ச் சொல்லினின்றும் நம் பேச்சில் வந்து புகுந்த சொல். தைப்பேயில் தாய் தன் மகனுக்கு நாச்சா என்று பெயரிட்டாள்; நாம் நம் பிள்ளைகளுக்கு ஜகாட் என்று பெயரிட்டோம். தோட்டத்தில் லயத்து வீடுகளில் நெருங்கி வாழ்ந்த காலத்தில் தகப்பன் கேளாவிட்டாலும் அண்டைவீட்டுப் பெரியப்பா கேட்டார்; மாமன் கேட்டான். நிலம் விற்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்தபோது சம்பளத்தையும் குடியிருப்பையும் பற்றி வாதாடினோம். கேட்பதற்கு ஆளிழந்த பிள்ளைகளைப் பற்றி வாதாட மறந்தோம்.

சாய் அவர்களின் படம் முடியும் இடத்தைச் சொல்லி நாமும் முடிப்போம். திருட்டுப் பொருளை விற்கப் போன ஆ சேயும் ஆ பிங்கும் அடிபட்டு ஓடிவந்து ஒரு டாக்ஸியில் ஏறுகின்றனர். அதை ஓட்டுபவர் சியாவ் காங்கின் தகப்பனாரே. தம் கண்ணாடியை உடைத்தவன் இவனென்று அறியாமல், அடிபட்ட பிறர் பிள்ளையை அவர் ஏற்றிச் செல்கின்றார். அவர் பிள்ளையோ, முகமறியாப் பெண்களோடு டெலிபோனிற் பேசுவதற்கென்று காசு வாங்கும் ஒரு நிலையத்தில் தனியறையிலே உட்கார்ந்திருக்கின்றான். மணி அடிக்கின்றது, எடுக்காமல் எழுந்து போய்விடுகின்றான். பள்ளியை விட்டது தெரிந்தபின் வீட்டுக்குள் வராதே என்று அவனுக்குக் கதவடைத்திருந்தார் தகப்பனார். இப்போது இரவில் வீடு திரும்பியவர், கதவைத் தாழிடாமல் சிறிது திறந்தபடியே விட்டு வைக்கின்றார்.

அவ்வளவே. மகன் வந்தானா என்பது காட்டப்படவில்லை. ஆனால் கோயிற் சொல்லும் வீசிய கிண்ணமும் பள்ளிக் கட்டணமும் செய்ய மாட்டாத ஒன்றை அக்கதவு செய்யத் தொடங்கியிருக்கின்றது. தாய்மார்களே, தந்தைமார்களே! இன்றிரவு உங்கள் மகன் காலந்தாழ்த்தி வீடு வருவானாயின், ஏன் தாமதம் என்று கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் விடை சொல்லாமல் அறைக்குள் போய்விடினும் நாளையும் கேளுங்கள். பிள்ளையைப் பிடித்தது எது என்பதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவனே.